முப்பத்தேழு வாசகர்கள்

சீதாராமன் பயப்படத் தொடங்கியது புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கையில் பாதி குடித்த கரக் டீயோடு. அதற்கு முந்தைய நிமிடம் வரை துபாயின் நிம்மதியான மனிதர்களில் அவரும் ஒருவர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் உதவி மேலாளர். அல் குசைஸில் இரண்டு படுக்கையறை வீடு. மனைவி கோமதி இந்தியப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மகள் ஷ்ருதி பன்னிரண்டாம் வகுப்பு. இவை போக, அவரே முதலில் சொல்ல விரும்பும் அடையாளம் ஒன்றும் இருந்தது. அவர் எழுத்தாளர்.

எழுத்தாளர் என்றால் புத்தகம் எதுவும் போட்டவர் இல்லை. ஃபேஸ்புக்கில் 'சீதாராமன் சிந்தனைத் துளிகள்' என்று ஒரு பக்கம். திங்கட்கிழமை பயணம், புதன்கிழமை உணவகம், வெள்ளிக்கிழமை கல்லூரி ஹாக்கி நினைவுகள், ஞாயிற்றுக்கிழமை 'அறிவுள்ள இல்லம்' என்ற தலைப்பில் வீட்டுக்கு அவர் வாங்கிப் பொருத்திய மின்சாதனங்கள். ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை. கட்டுரையில் தன்னை 'இந்த எளியோன்' என்று குறிப்பிடுவார். அந்த எளியோன் ஹத்தா மலைக்குப் போய்வந்ததை ஏழு பகுதிகளாக எழுதினான். தன் படுக்கையறை விளக்கு கைதட்டினால் எரிவதை மனித குலத்தின் அடுத்த கட்டம் என்று அறிவித்தான். பல்கலைக்கழக இறுதியாட்டத்தில் கடைசி நிமிடத்தில் தான் அடித்த கோலை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தொலைவிலிருந்து, அடித்தான்.

அந்த ஹாக்கி அணியின் வெள்ளி விழா வருகிற சனிக்கிழமை கோவில்பட்டியில். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பொன்னாடை. வெள்ளிக்கிழமை மதியம் மதுரைக்கு விமானம். சீதாராமன் ஏற்புரையை எழுதி முடித்து, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பேசியும் பார்த்துவிட்டார். 

ஆபீஸில் டீ நேரத்தில் நுஃமான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கீழக்கரைக்காரன், ஸ்டோர் பொறுப்பாளன், யாருக்கு என்ன ஆபத்து வந்தாலும் முதலில் தெரிந்துகொள்கிறவன்.

"அண்ணே, சேதி தெரியுமா? எங்க பழைய ரூம்ல ஒருத்தன் இருந்தான். ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு நெட்ல கண்டபடி எழுதிப்புட்டான். சும்மா எழுதியிருந்தாக்கூட பரவாயில்ல, போட்டோ போட்டுருக்கான். போட்டோல பின்னாடி யாரோ ஒரு பொம்பளை. முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சுபோச்சு?"

"கேஸுண்ணே. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போறேன்னு ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கான். முகத்தைப் பாத்து தொறக்குமே ஒரு கேட்டு, அது தொறக்கல. செவப்பு லைட்டு. ரெண்டு பேரு வந்து, இப்படி ஓரமா வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு ஒரு ஃபோன் வந்துருச்சு. மீதிக் கதையக் கேக்கல."

நுஃமானின் கதைகள் எல்லாமே இப்படித்தான், ஓரமாக அழைக்கப்பட்ட இடத்தில் நின்றுவிடும். மீதியைக் கேட்பவரே இரவெல்லாம் செய்து முடிக்க வேண்டும்.

சீதாராமன் டீயைக் கீழே வைத்தார். போன வாரம் துபாயின் பழைய பகுதியான தேராவில், படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி, 'முத்துக்குளி உணவகம்' என்ற கடையில் சாப்பிட்டிருந்தார். அதைப் பற்றி எழுதியும் இருந்தார். படமும் போட்டிருந்தார்.

கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு அந்தப் பதிவைத் திறந்தார். 'இந்த நெய்மீன் கடலைப் பிரிந்த துக்கத்திலிருந்து இன்னும் மீளவில்லை. சமையற்காரர் உப்போடு ஏதோ தனிப்பட்ட பகை கொண்டவர். ரசத்தைப் பற்றி இந்த எளியோன் எதுவும் சொல்வதற்கில்லை. ரசமும் எதுவும் சொல்லவில்லை.' எழுதிய அன்று ஒவ்வொரு வரிக்கும் அவரே சிரித்தார். இன்று ஒவ்வொரு வரியும் எழுந்து நின்று 'ஆம், எஜமானே, இவர்தான்' என்று விரல் நீட்டியது.

படத்தைப் பெரிதாக்கினார். தட்டில் நெய்மீன். தட்டுக்குப் பின்னால், அடுத்த மேசையில், கறுப்பு அபாயா அணிந்த ஒரு முதிய அரபுப் பெண்மணி. முகம் பளிச்சென்று தெரிந்தது. வாய்க்கு நேராகக் கரண்டியை உயர்த்தியிருந்தார். கண்கள் நேராகக் கேமராவையே பார்த்தன.

பதிவை அழித்தார். கைப்பேசியிலிருந்த படத்தையும் அழித்தார். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "சும்மா கேக்கேன், அந்த ஆளு பதிவை அழிச்சிருந்தா தப்பிச்சிருப்பானோ?" என்று நுஃமானிடம் விசாரித்தார்.

"அழிச்சானே. அதான் அண்ணே பெரிய தப்பாப் போச்சாம். 'தப்பு இல்லேன்னா ஏன் அழிச்சே?'ன்னு கேப்பாங்களாம்."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்து மூலையில் அந்தப் பேசும் பெட்டி நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. 'நமது ஒவ்வொரு சொல்லையும் காதுகொடுத்துக் கேட்கும் நண்பன்' என்று அதைப் பற்றி அவரேதான் எழுதியிருந்தார். இப்போது அந்த வரியின் முழு அர்த்தமும் அவருக்கு விளங்கியது. பெட்டியை வாரி எடுத்து, குளியல் துண்டில் சுற்றி, அலமாரிக்குள் கம்பளிகளுக்கு அடியில் வைத்து மூடினார்.

"என்னங்க பண்ணுதீங்க?" என்றாள் கோமதி.

"மெதுவாப் பேசு."

அலமாரிக்குள்ளிருந்து, அவர் சொன்னது புரியவில்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் குரல் வந்தது.

"டாட், யூ ஆர் பீயிங் வியர்ட்," என்றாள் ஷ்ருதி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். அவளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே சீதாராமன் நின்றார். அவருடைய விசாவில்தான் அவள் விசா ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வேலை போனால் வீடு போகும், பள்ளிக்கூடம் போகும், பரீட்சைக்கு நாலு மாதம் இருக்கும்போது பெட்டி கட்ட வேண்டியிருக்கும். ரசத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதற்காக.

கோமதியிடம் விஷயத்தைக் காதோடு சொன்னார். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "நீங்க எழுதுனதையா? அதை யாரு படிச்சா?" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்தப் பயத்திலும் அவருக்குச் சுருக்கென்றது. "நாலாயிரத்து எண்ணூறு பேரு பின்தொடருதாங்க," என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை பதினொரு மணிக்கு, ஆபீஸில் லிஃப்ட் கயிறுகளின் பட்டியலை ஒரே பக்கத்தில் அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கைப்பேசி மணியடித்தது. யாரும் அழைக்கவில்லை, வீட்டு வாசல்மணி. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் தன் வாசலில் நிற்பவரைப் பார்க்கலாம் என்பதற்காக அவர் பொருத்திய கேமரா மணி.

பார்த்தார். வாசலில் இரண்டு பேர். ஒருவர் சீருடையில், இடுப்பில் அகலமான பெல்ட், கழுத்தில் அடையாள அட்டை. இன்னொருவர் கையில் கோப்பு. கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கதவின் எண்ணைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். லென்ஸ் பக்கத்தில் வந்ததால் அந்த முகம் அகன்று, மூக்கு பெருத்து, சீதாராமனின் உள்ளங்கைக்குள் இருந்தபடி சீதாராமனையே முறைத்தது.

மறுபடி மணி. திரையின் அடியில் 'பேசுக' என்றொரு பொத்தான் இருந்தது. கட்டைவிரல் தவறி அதன்மேல் பட்டுவிட்டது. மூச்சுதான் புஸ் புஸ்ஸென்று போயிற்று. வாசலில் இருந்தவர்கள் திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினார்கள்.

"ஹலோ? சார்? அந்தர் கோயி ஹே?" உள்ளே யாராவது உண்டா என்று இந்தியில் கேட்டார்கள்.

சீதாராமன் அணைத்தார். பத்து வினாடிக்குமேல் தாங்கவில்லை, மறுபடி திறந்தார். சீருடைக்காரர் ஒரு காகிதத்தின் பின்புறத்தில் பசைநாடா ஒட்டிக்கொண்டிருந்தார். காகிதம் கேமராவை நோக்கி வந்தது, வந்தது, முழுத் திரையும் வெள்ளையாயிற்று. காகிதத்தை லென்ஸ்மேலேயே ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்க முடியவில்லை.

அவருக்கு இனி சந்தேகமே இல்லை. கடைக்காரர் புகார் கொடுத்துவிட்டார். நேராகப் போய்க் காலில் விழுவதுதான் வழி. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி, அழித்ததற்கு ஆதாரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு, நாளை மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு மெட்ரோ பிடித்தார். அழித்த பதிவை, முன்பே அதைப் படம்பிடித்துத் தன் கோப்பில் சேமித்திருந்த வழக்கத்தின் புண்ணியத்தில், ஆதாரமாகக் கையில் வைத்துக்கொண்டார்.

முத்துக்குளி உணவகத்தில் மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. கல்லாவில் ஈசா பாய் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. காயல்பட்டினத்துக்காரர் என்று சுவரில் மாட்டியிருந்த ஊர்ச்சங்க நாட்காட்டி சொல்லியது.

"வாங்க, உக்காருங்க. மீன் இருக்கு, இறால் இருக்கு."

"சாப்பிட வரல பாய். நான் சீதாராமன்," என்று கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சரி."

"எழுத்தாளர் சீதாராமன்."

"மாஷா அல்லாஹ். என்ன சாப்பிடுதியோ?"

ஆழம் பார்க்கிறார் என்று சீதாராமன் நினைத்தார். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். குரலைத் தாழ்த்தி, "பாய், நான் கோவில்பட்டி. நம்ம ஒரே ஜில்லா. எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை, இந்த வருசம் பன்னெண்டாவது. அழிச்சிட்டேன் பாய். நேத்தே அழிச்சிட்டேன். நீங்க அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிட்டீங்கன்னா…" என்றார்.

"என்ன புகாரு? எதை அழிச்சியோ?"

"இதை," என்று சீதாராமன் ஆதாரத்தை நீட்டினார்.

ஈசா பாய் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, மெதுவாகப் படித்தார். அவர் படித்துக்கொண்டிருக்கும்போது சீதாராமன் கைப்பேசியில் கோமதியின் செய்தி வந்து மேலே தொங்கியது. வகுப்பில்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்தவள் வாசல் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். 'சனிக்கிழமை கரப்பான்பூச்சி மருந்து அடிக்க வாராங்களாம். அடுப்படியைக் காலி பண்ணி வைக்கணுமாம்.'

அதை முதலில் படித்தவர் ஈசா பாய்தான். பிறகு, திரும்ப வாங்கிய கையோடு, சீதாராமன் படித்தார். எங்கும் எந்தப் புகாரும் இல்லை. இந்த உலகத்தில் அந்தக் கட்டுரையைப் பற்றித் தெரியாமல் இருந்திருக்க வேண்டிய ஒரே மனிதரிடம் ஒரு மணி நேரம் ரயிலில் வந்து, தன் கையாலேயே கொடுத்திருக்கிறார்.

"உப்போட தனிப்பட்ட பகை," என்றார் ஈசா பாய். "எங்க வீட்டுக்காரி ஹாலிதாவும் இதைத்தான் சொல்லுவா. ஆனா ஒரு வார்த்தையில சொல்லிருவா, இம்புட்டு நீட்டி முழக்க மாட்டா."

"மன்னிச்சிருங்க பாய்."

"ரசம் எதுவும் சொல்லலையாமே. வாளியோட கொண்டாரச் சொல்லவா? என்ன சொல்லுதுன்னு காதை வச்சுக் கேளுங்களேன்."

சீதாராமன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஈசா பாய் சிரிக்கவில்லை; ஆனால் அவர் கோபமும் அந்த அளவில் நின்றுவிடும்போல்தான் இருந்தது. அப்போது அவர் விரல் படத்துக்குப் போயிற்று. பெரிதாக்கினார். பல்குச்சி வாயிலிருந்து கீழே விழுந்தது.

"யா அல்லாஹ். இது உம் ராஷித்."

"யாரு?"

"யாரா? இந்தக் கட்டடத்துக்காரரோட தாயார். ராஷித்தோட தாய்னு எல்லாரும் மரியாதையாச் சொல்லுறது. அவங்க சரின்னு சொல்லப்போயிதான் இந்த எடம் இருவது வருசமா எங்கையில இருக்கு. நீங்க அவங்க வாயத் தொறந்துட்டு இருக்கையில படம் புடிச்சு ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டியிருக்கியோ. என் கடை பேரையும் போட்டு." அவர் குரல் இப்போது சீதாராமனின் குரலைப்போலவே நடுங்கியது. "எத்தனை பேரு பாத்தாங்க? உண்மையச் சொல்லுங்க."

"அதிகம் இல்ல பாய்."

"நாலாயிரத்து எண்ணூறு பேருன்னு இங்கனயே போட்டிருக்கே."

சீதாராமன் சுற்றும்முற்றும் பார்த்தார். "அது… வாங்கினது பாய்."

"எதை வாங்கினது?"

"ஆளுங்களை. நெட்ல விப்பாங்க. பேரு மட்டும்தான் இருக்கும், மனுசங்க கிடையாது."

"நம்பச் சொல்லுதியளா?"

நம்ப வைத்தே ஆகவேண்டும். ஆறு ஆண்டுகளாக எல்லோரிடமும் எதைப் பெருக்கிச் சொன்னாரோ அதை இப்போது ஆதாரத்தோடு குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அழித்த பதிவுகளுக்கும் கணக்கு வைத்திருந்த பக்கத்தின் உள்கணக்கைத் திறந்து, தன்னைத் தவிர வேறெவர் கண்ணிலும் படாமல் காத்துவந்த அந்த எண்ணை ஈசா பாய்க்குக் காட்டினார். அந்தக் கட்டுரை போய்ச் சேர்ந்தவர்கள்: முப்பத்தேழு.

"முப்பத்தேழாயிரமா?"

"முப்பத்தேழு பாய். வெறும் முப்பத்தேழு. அதுலயும் திறந்து பாத்தது ஒம்பது பேரு. 'அருமை அத்தான்'னு போட்டது எங்க கொழுந்தியா. கையெடுத்துக் கும்பிட்டது எங்க மச்சினன். இது ஒருத்தன் லோன் வேணுமான்னு கேக்கான்."

"இங்க ஒண்ணு 'பகிரப்பட்டது'ன்னு இருக்கே. அது யாரு?"

அதை அவர் மறந்தே போயிருந்தார். ஜெயமணி. ஹாக்கி அணியின் அந்நாளைய கேப்டன், இந்நாள் வெள்ளி விழாக் குழுத் தலைவர். பழைய ஆட்டக்காரர்கள் இருநூறு பேர் இருக்கும் குழுவில் பகிர்ந்திருந்தார். இங்கே அழித்தாலும் அங்கே நகல் கிடக்கலாம். ஈசா பாய் கைப்பேசியை அவர் பக்கம் தள்ளினார். "போடுங்க. சத்தமா வச்சுப் பேசுங்க. நான் கேக்கணும்."

"என்னல சீதாராமா, டிக்கெட்டெல்லாம் ரெடியா?" என்றது ஜெயமணியின் குரல், கடை முழுக்க.

"கேப்டன், போன வாரம் ஒரு ஹோட்டலைப் பத்தி எழுதியிருந்தேன்லா. நீங்க குரூப்புல போட்டீங்க. அதை யாராவது படிச்சாங்களா?"

"இதுக்கா ஃபோன் பண்ணுத? எல்லாரும் படிச்சாங்கல, சூப்பராம்."

"இல்ல கேப்டன், உண்மையச் சொல்லுங்க. யாராவது படிச்சாங்களா?"

"மனசு கஷ்டப்பட மாட்டியே? ஒருத்தனும் படிக்க மாட்டான்ல. நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவேன்னு நான் பகிருவேன். நானும் படிச்சதில்ல. முந்தி சில பேரு படிச்சானுவ. நீ அந்தக் கோலு அடிச்ச கதையை எழுதுனேல்லா, அன்னையோட விட்டுட்டானுவ. நீ அன்னைக்குக் களத்துலயே இல்லியேல. பஸ்ஸுல மட்டைக்கெல்லாம் காவலு இருந்த."

"ஆமா கேப்டன்," என்றார் சீதாராமன், நன்றியோடு. "காவல்தான் இருந்தேன். நீங்க இப்பவே அந்தப் பகிர்வை எடுத்திருங்க."

"எடுத்தாச்சு, போதுமா. நீ வா. பொன்னாடை உண்டு. மைக்கு மட்டும் கேக்காத."

ஈசா பாய் நீண்ட மூச்சு விட்டார். நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது தெரிந்தது. அந்த நிம்மதியின் ஓரத்தில் வேறொன்றும் எட்டிப்பார்த்தது. "அப்போ நம்ம கடையப் பத்தி எழுதுனதை ஒருத்தருமே படிக்கலையா?" என்று கேட்டார், ஏதோ அவருக்கும் அதில் ஒரு நஷ்டம் இருப்பதுபோல.

பதில் சொல்ல நேரமில்லை. கண்ணாடிக் கதவு திறந்தது. முதலில் ஓட்டுநர், அவர் பிடித்த கதவு வழியாகக் கைத்தடி, கைத்தடிக்குப் பின்னால் உம் ராஷித்.

ஈசா பாய் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தார். சீதாராமனும் எழுந்தார், எழுந்ததால் கண்ணில் பட்டார். அந்த அம்மையார் வழக்கமான மேசையை நோக்கிப் பாதித் தூரம் போய் நின்று, திரும்பிப் பார்த்தார். இரண்டடி வந்தார். அவர் பேசியது இந்தி, பம்பாய்க் கப்பல்களோடு தேராவில் வந்து இறங்கி அந்தக் காலத்து வீடுகளில் தங்கிவிட்ட இந்தி.

நீதானே அன்றைக்கு மீனைப் படம் எடுத்தது, என்று கேட்டார். அதில் நான் இருக்கிறேனா?

கல்லா மேசைக்கு அடியில் ஈசா பாயின் செருப்பு சீதாராமனின் காலை மிதித்தது. இல்லை என்று சொல் என்று அந்த மிதிக்கு அர்த்தம். இல்லை என்பது எவ்வளவு எளிய சொல். ஆறு வருடமாக இல்லாத கோலை இருக்கிறது என்று எழுதியவருக்கு, இருக்கும் முகத்தை இல்லை என்று சொல்வதா பெரிய காரியம்? ஆனால் அந்தக் கண்கள் படத்தில் பார்த்த அதே கண்கள். அன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்துவிட்ட கண்கள். பயத்தில் சில பேருக்குப் பொய் வரும், சில பேருக்கு வராமல் போய்விடும். சீதாராமன் இரண்டாவது வகை என்பதை அந்த நொடியில்தான் அவரே தெரிந்துகொண்டார்.

"ஜீ," என்று ஆமோதித்தார்.

ஈசா பாய் கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் கையை நீட்டினார். அழித்த படங்கள் முப்பது நாள் தங்கும் குப்பைக்கூடையைத் திறந்து, நெய்மீனை மீட்டு, சீதாராமன் இரண்டு கைகளாலும் கைப்பேசியைக் கொடுத்தார்.

அம்மையார் அதை முகத்துக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். பெரிதாக்கினார். தன் வாயைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். சீதாராமன் நுஃமான் சொல்லாமல் விட்ட மீதிக் கதை முழுவதையும் அதற்குள் பார்த்து முடித்தார்: ஓரமாக அழைத்த அந்த இருவர், ஒரு அறை, ஒரு மேசை, கோமதி பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டுவது, ஷ்ருதி ஒன்றும் பேசாமல் புத்தகங்களை அடுக்குவது.

யார் யாரிடம் காட்டினாய், என்றார்.

"யாரும் பார்க்கவில்லை," என்றார் சீதாராமன் தன் உடைந்த இந்தியில். "நான் போட்டேன். ஆனால் யாரும் பார்க்கவில்லை. உண்மையிலேயே யாருமே பார்க்கவில்லை."

அம்மையார் ஈசா பாய் பக்கம் திரும்பினார். இவன் என்ன செய்கிறான்?

"எழுதுறாரு, உம் ராஷித்," என்றார் ஈசா பாய் இந்தியில்.

யார் படிக்கிறார்கள்?

ஈசா பாய் ஒரு கணம் சீதாராமனைப் பார்த்தார். ஒரே ஜில்லாக்காரர் என்ற ஈரம் அந்தப் பார்வையில் இருந்தது. "யாரும் இல்லை," என்றார்.

அந்த அம்மையாரின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. அது மன்னிப்பா, பரிதாபமா என்று சீதாராமனால் பிரிக்க முடியவில்லை. அவர் கட்டைவிரலால் படத்தை அழித்தார். பிறகு, எண்பது வயதுக்காரருக்கு எப்படித் தெரியுமோ, குப்பைக்கூடைக்குள்ளும் போய் அங்கேயும் அழித்தார். பிறகு அந்த ஆதாரப் படத்தையும் கண்டுபிடித்து அழித்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு ஈசா பாயிடம் அரபியில் ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தன் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்துத் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.

"என்ன சொன்னாங்க பாய்?"

"உங்களுக்கு ஒரு மீனு வைக்கச் சொன்னாங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்."

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் சொன்னாங்களே."

"மத்தது எனக்குச் சொன்னது," என்றார் ஈசா பாய், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"இப்ப யாருக்கு ஃபோன் பண்ணுதாங்க?"

"எனக்கு என்ன தெரியும்? மகனா இருக்கும். சாப்பிடுங்க. உப்புக் கூடயிருந்தாலும் சாப்பிடுங்க."

நெய்மீன் வந்தது. சீதாராமன் முள்ளைத் தவிர ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. உப்பு சரியாக இருந்ததா, கூடவா, குறைவா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த மேசையிலிருந்து அந்தப் பெண்மணி தொலைபேசியில் பேசியபடியே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் ஒவ்வொரு வாயிலும் தெரிந்தது. அவருக்குத் தெரிந்த அரபிச் சொற்கள் இருபது. அதில் ஒன்றுகூட அந்தப் பேச்சில் வரவில்லை.

இரவு அந்தப் பக்கத்தையே முழுசாக மூடினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். மூடலாமா என்று அது மூன்று முறை கேட்டது. வேறு யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் விமான நிலையம். கோமதியும் ஷ்ருதியும் வாசலோடு விடைபெற்றார்கள். "போய் இறங்குனதும் ஒரு வார்த்தை போடுங்க," என்றாள் கோமதி. பெட்டியைக் கொடுத்துவிட்டு, சீதாராமன் அந்தக் கண்ணாடிக் கதவுகளின் வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினார்கள், கதவு திறந்தது, போனார்கள். ஒரு குழந்தையைத் தூக்கியிருந்த பெண், ஷூ நாடா அவிழ்ந்த ஒரு தொழிலாளி, தூங்கிக்கொண்டே நடந்த ஒரு கிழவர். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

அவர் முறை வந்தது. பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னது. பார்த்தார். இயந்திரமும் பார்த்தது. இவ்வளவு நேரம் அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஐந்தில் அவர் முடிவுக்கு வந்துவிட்டார்: இது திறக்காது. அவர்களே வந்து ஓரமாக அழைப்பதற்குள் தானே போய்விடுவதுதான் மரியாதை. ஏழில் அவர் திரும்பிவிட்டார். அவருக்குப் பின்னால் கதவு திறந்ததையும், ஆளில்லாமல் கொஞ்ச நேரம் காத்திருந்ததையும், பிறகு மூடிக்கொண்டதையும் அவர் பார்க்கவில்லை.

"பாய், யல்லா," என்றார் வரிசையில் அடுத்து நின்றவர். "கேட் குலா தா." போங்க, கதவு திறந்துதானே இருந்தது என்று அதற்கு அர்த்தம்.

வெள்ளைக் கந்தூரா அங்கி அணிந்த இளம் அதிகாரி ஒருவர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். அவர் வருவதைப் பார்த்துக்கொண்டே சீதாராமன் நின்றார்.

"என்ன பிரச்சினை?" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். சாதாரணமாகத்தான் கேட்டார். "ஏன் திரும்பினீர்கள்?"

சீதாராமன் வாயைத் திறந்தார். எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றன: நெய்மீன், உப்பு, கரண்டியைத் தூக்கிய அம்மையார், வாங்கிய நாலாயிரத்து எண்ணூறு பேர், அடிக்காத கோல். வரிசையாக, முன்னுரையோடு, இந்த எளியோனில் தொடங்கி. கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒருவழியாக ஒருவர் எதிரில் நின்று, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஃபி," என்றார் சீதாராமன்.

ஒன்றுமில்லை. அவ்வளவுதான். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைக் காட்டினார். சீதாராமன் மறுபடி பச்சைப் புள்ளிக்கு முன்னால் போய் நின்றார்.